பிளட்லைன்: குருதிவழியா, கால்வழியா? தரோபிரெட் குதிரையை முன்வைத்து

நண்பர்களுக்கு வணக்கம்.

குதிரையின் பரம்பரையைக் குறிக்கும் ‘பிளட்லைன்’ (bloodline) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் இரத்தவழி, குருதிவழி, கால்வழி என்று மூன்று சொற்கள் நம் சொல்லாக்க உரையாடலில் இதுவரை முன்மொழியப்பட்டுள்ளன. இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால், குதிரை வளர்ப்பில் அந்தச் சொல் ஒரே பொருளைத்தான் குறிக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். நான் பார்த்தவரை, அது இரண்டு வேறு பொருள்களைக் கலந்தே குறிக்கிறது. அராபியக் குதிரைகளுக்கும் பந்தயக் குதிரையான தரோபிரெட்டுக்கும் உள்ள உறவைப் பற்றிய குழப்பத்தில் பாதி அந்தக் கலப்பிலிருந்துதான் பிறக்கிறது.

குதிரை ஏலத்துக்கான குறிப்பேட்டில் உள்ள கொடிவழிப் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். இடப்பக்கத்தில் குதிரையின் பெயர் இருக்கும். அதிலிருந்து வலப்பக்கமாக மேலே தந்தை, கீழே தாய் என்று தலைமுறைதோறும் இரண்டிரண்டாகக் கிளை பிரியும். அந்தப் பக்கத்தின் மேல்விளிம்பை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் தந்தை, தந்தையின் தந்தை, அவருக்கும் தந்தை என்று ஒற்றை வரிசை கிடைக்கிறது. இருபது தலைமுறை பின்னால் சென்றால் அந்தத் தலைமுறையில் மட்டும் 10,48,576 இடங்கள் உண்டு. மேல்விளிம்பு தொடுவது அவற்றுள் ஒன்றே ஒன்றை. ‘பிளட்லைன்’ என்று சொல்லும்போது சிலர் இந்த ஒற்றை வரிசையைக் கருதுகிறார்கள். வேறு சிலர் பக்கம் முழுவதிலிருந்தும் வந்து சேர்ந்த மரபைக் கருதுகிறார்கள்.

இந்த வேறுபாடு சிறியதன்று. இன்றைய தரோபிரெட்டுகள் அனைத்தின் தந்தைவழியும் பையர்லி டர்க், டார்லி அராபியன், காடால்பின் அராபியன் ஆகிய மூன்று ஆண் குதிரைகளில் போய் முடிகின்றன. டார்லி அராபியன், தாமஸ் டார்லி என்பவர் சிரியாவின் அலெப்போவில் வாங்கி 1704இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயருக்கு அனுப்பிய குதிரை. அதன் கொள்ளுப்பேரனுக்கு மகன்தான், 1764இல் பிறந்து ஒரு பந்தயத்திலும் தோற்காத எக்லிப்ஸ். ஆகவே எக்லிப்ஸை ‘டார்லி அராபியனின் வழி’ என்றே எல்லாரும் எழுதுகிறார்கள். ஆனால் அதே எக்லிப்ஸின் தாய் ஸ்பிலெட்டா. அவள் தந்தை ரெகுலஸ். ரெகுலஸின் தந்தை காடால்பின் அராபியன். டார்லி நான்கு தலைமுறைக்கு அப்பால் நிற்க, காடால்பின் மூன்றே தலைமுறையில் வந்துவிடுகிறது. இந்த இரு பாதைகளை மட்டும் கணக்கிட்டால், முன்னதன் பங்கு பதினாறில் ஒன்று. பின்னதன் பங்கு எட்டில் ஒன்று. அதாவது, எந்தக் குதிரையின் பெயரால் எக்லிப்ஸ் அறியப்படுகிறதோ அதனிடமிருந்து வந்ததைப் போல இரு மடங்கு மற்றதனிடமிருந்து வந்திருக்கிறது.

இனம் முழுவதற்கும் இதே நிலைதான். 2001இல் வெளியான ஆய்வொன்று, ஆண்வழிகளில் 95 விழுக்காடு டார்லி அராபியனுக்கு உரியது என்றாலும், மொத்த மரபில் அதன் பங்கு 6.5 விழுக்காடுதான் என்றும், காடால்பின் அராபியனின் பங்கு 13.8 விழுக்காடு என்றும் கணக்கிட்டது. டார்லி அராபியனுக்குரிய 95, 6.5 என்ற இரண்டு எண்களையும் ‘குருதிவழி’ என்ற ஒரே சொல்லால் எழுதிப் பாருங்கள். ஒன்றையொன்று மறுப்பதுபோலத் தோன்றும்.

எனவே என் முன்மொழிவு: தந்தைவழியாக மட்டும் செல்லும் ஒற்றை வரிசைக்கு ஆண்கால்வழி, ஒரு மூதாதையிடமிருந்து எல்லாப் பாதைகளிலும் வந்து சேர்ந்த அளவுக்கு மரபுப்பங்கு. ‘கால்வழி’ நம் அகராதிகளில் ஏற்கெனவே வம்சத்தைக் குறிக்கும் சொல். கிளைத்துச் செல்லும் வாய்க்காலையும் நினைவூட்டுவதால் பொருள் தானே விளங்குகிறது. ‘குருதிப்பங்கு’ என்று முதலில் எழுதிப் பார்த்தேன். குட்டிக்குச் செல்வது குருதி அன்று என்பதால் விட்டுவிட்டேன்.

தரோபிரெட்டைத் ‘தூய இனக் குதிரை’ என்று பெயர்க்கும் வழக்கத்தையும் நான் ஏற்கவில்லை. கிழக்கிலிருந்து கொண்டுவந்த ஆண் குதிரைகளும் இங்கிலாந்திலேயே இருந்த பெட்டைகளும் கூடி உருவான இனம் இது. இவ்வினக் குதிரைகளின் பிறப்புவழியைப் பதிய 1791இல் தொடங்கிய பொதுப் பதிவேட்டில் தாய் தந்தை இருவரும் இடம்பெற்றிருப்பதுதான் இதற்கு இலக்கணம். தோற்றத்தில் தூய்மை என்பது அதன் பொருளே அன்று. ‘ஜாதிக் குதிரை’ என்பது உயர்ந்த குதிரை எதற்கும் பொருந்தும் பொதுச்சொல். இனப்பெயரை ஒலிபெயர்த்துத் தரோபிரெட் என்றே வைத்துக்கொள்வோம்.

அதேபோல், குதிரைப் பெயரில் உள்ள ‘அராபியன்’ என்பதை இனக்குறிப்பாகக் கொண்டு ‘டார்லியின் அராபு இனக் குதிரை’ என்று பெயர்க்கக் கூடாது. 2020இல் வெளியான மரபணு ஆய்வு, இன்று அராபிய இனம் என்று பதிவாகும் குதிரைகளின் குறிப்பிடத்தக்க பங்கு எதுவும் தரோபிரெட்டில் தென்படவில்லை என்கிறது. ஆண்கால்வழியைக் காட்டும் ஒய் குரோமோசோமுக்கும் அது பொருந்தும் என்கிறது. அந்தக் குரோமோசோம் நடு ஆசியாவின் துருக்மன் குதிரைகளோடு நெருங்கியது என்று 2017இலேயே மற்றோர் ஆய்வு கூறியிருந்தது. விற்றவரும் வாங்கியவரும் வைத்த பெயர், பெயராகவே நிற்கட்டும்.

இனத்தைத் தொடங்கி வைத்த அந்த மூன்று குதிரைகளுக்கும் ‘மூலப்பொலி’ என்று எழுதலாமா? இனப்பெருக்கத்துக்கென வைத்திருக்கும் ஆண் விலங்கைக் குறிக்கும் பொலிகாளை, பொலிகிடா என்பன இன்றும் ஊர்களில் புழங்கும் சொற்கள். குதிரைக்கு அவ்வாறு சொல்லக் கேட்டவர்கள், குறிப்பாக இங்குள்ள கால்நடை மருத்துவ நண்பர்கள், தெரிவித்தால் சொற்பட்டியலில் சேர்த்துவிடலாம்.

அன்புடன்.