கொல்கத்தா 83.9, கொச்சி 3192.4: இந்தப் பட்டியலை நம்பலாமா?

பல்லாவரம் பாலா
தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கையில் இருந்து எடுத்த எண்கள் இவை. 20 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் 19 மாநகரங்களில், லட்சம் பேருக்கு எத்தனை வழக்கு என்ற கணக்கு, குறைவான ஊர் மேலே. கொல்கத்தா 83.9. அடுத்து ஹைதராபாத் 332.3, புனே 337.1, மும்பை 355.4. அடியில் டெல்லி 2105.3, அதற்கும் அடியில் கொச்சி 3192.4. கொல்கத்தா தொடர்ந்து நான்காவது ஆண்டாக முதலிடம். முதல் நான்கில் சென்னையைக் காணோம். ‘அமைதிப் பூங்கா’ என்று மேடைக்கு மேடை பேசுகிறவர்கள் ஒரு தடவை கொல்கத்தா போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எண்ணோடு வாருங்கள்.

புள்ளிராஜா
எண்ணோடுதான் வருகிறேன் பாலா சார். 3192-ஐ 84-ஆல் வகுங்கள். 38 வரும். கொல்கத்தாவில் ஒரு குற்றம் நடந்தால் கொச்சியில் 38 நடக்கிறது என்று அர்த்தம். கொச்சியில் ஒரு வாரம் தங்கியவர்கள் யாராவது இதை நம்புவார்களா? கேரளப் போலீஸ் பொது இடத்தில் குடித்தால் வழக்கு, தாறுமாறாக வண்டி ஓட்டினால் வழக்கு, கஞ்சா பீடி பிடித்தால் வழக்கு என்று எல்லாவற்றையும் பதிவேட்டில் ஏற்றுகிறது. அத்தனையும் சேர்ந்ததுதான் அந்த 3192. கொலைக்கும் ஒன்று, பீடிக்கும் ஒன்று.

இன்னொன்று. அந்த அறிக்கை எந்த ஊருக்கும் ‘பாதுகாப்பான நகரம்’ என்று பட்டம் கொடுக்கவில்லை. பட்டம் கொடுத்தது செய்திக்காரர்கள். குற்றம் கூடுவதும், போலீஸ் பதிவு செய்வது கூடுவதும் வேறு வேறு என்று ஆவணக் காப்பகமே தன் அறிக்கைகளில் எச்சரித்திருக்கிறது. வாட்ஸ்அப் படத்தில் அந்தப் பகுதியை மட்டும் யாரும் போடுவதில்லை.

பல்லாவரம் பாலா
மார்க் குறைந்தால் கேள்வித்தாள் சரியில்லை என்கிற கதையாக இருக்கிறது. சென்னை முன்னால் வந்திருந்தால் நீங்கள் இதே எச்சரிக்கையை வாசித்திருப்பீர்களா?

புள்ளிராஜா
முன்னால் வந்ததே! 2022 அறிக்கை வந்தபோது ‘சென்னைக்கு இரண்டாம் இடம்’ என்று ஒரு படம் சுற்றியது. கொல்கத்தா 78.2, சென்னை 173.5. அதே நேரத்தில் ‘புனேவுக்கு இரண்டாம் இடம்’ என்று இன்னொரு படம். கொல்கத்தா 86.5, புனே 280.7, ஹைதராபாத் 299.2. இரண்டும் ஒரே அறிக்கை, ஒரே ஆண்டு, இரண்டும் பொய்யில்லை. முதல் படம் இந்திய தண்டனைச் சட்ட வழக்குகளை மட்டும் எடுத்துக்கொண்டது. இரண்டாவது, மதுவிலக்கு, குட்கா, சூதாட்டம் போன்ற சிறப்புச் சட்ட வழக்குகளையும் சேர்த்தது. தமிழ்நாட்டில் அந்த வகை வழக்குகள் ஏராளம். அவற்றைச் சேர்த்ததும் சென்னை கீழே இறங்கிவிட்டது. அன்றைக்கும் நான் இதைத்தான் சொன்னேன், ஆளும் கட்சிக்காரர் ஒருவர் என்னைத் திட்டினார்.

முன்னாள் ரைட்டர்
நான் ஸ்டேஷன் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த ஊர், எந்த ஸ்டேஷன் என்று கேட்காதீர்கள்.

பாலா தம்பி, எண் எங்கே பிறக்கிறது என்று சொல்கிறேன். செல்போன் பறிபோய்விட்டது என்று ஒருவர் வருகிறார். எஃப்.ஐ.ஆர். போட்டால் அது வழிப்பறி. கண்டுபிடிக்க வேண்டும், மாதாந்திரக் குற்ற ஆய்வுக் கூட்டத்தில் ‘என்ன ஆச்சு’ என்று இன்ஸ்பெக்டருக்கு விழும். அதனால் ‘பறித்தார்கள்’ என்பது ‘தவறவிட்டேன்’ என்று ஆகும். கையில் ஒரு சி.எஸ்.ஆர். ரசீதை, அதாவது புகார் வாங்கியதற்கான சீட்டைக் கொடுத்து அனுப்பிவிடுவோம். வந்தவரும் புது சிம் வாங்க அது போதும் என்று போய்விடுவார். அந்தப் பறிப்பு எந்த அறிக்கையிலும் வராது. பிடியாணை இல்லாமலே போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் வழக்குப் பதிந்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தீர்ப்பின் நகல் ஸ்டேஷனிலும் இருந்தது.

எதிர்ப்பக்கமும் உண்டு. குட்காவைப் பிடி, கஞ்சாவைப் பிடி என்று மேலிடத்தில் இருந்து உத்தரவு வந்தால் அந்த மாதம் பெட்டி கேஸ் மளமளவென்று ஏறும். ஊரில் அந்த மாதம் மட்டும் குட்கா பெருகியதா என்ன? 2020ஐப் பாருங்கள். ஊரடங்கு. மனிதர்கள் வீட்டை விட்டே வெளியே வராத வருடம். அந்த வருடம் சென்னையின் விகிதம் 1937.1, டெல்லி 1608.6! முகக்கவசம் போடாமல் பால் வாங்க வந்தவனும் கணக்கில் ஏறினான். அரசு உத்தரவை மீறியதாகப் போட்ட வழக்குகள் நாடு முழுக்க 2019இல் 29,469. 2020இல் 6,12,179.

ஹவுரா பாலம்
பல வருடமாகக் கொல்கத்தாவில் வேலை பார்க்கும் தமிழன் நான். இங்கே வழக்கே பதிவதில்லை என்கிற தொனியில் எல்லோரும் பேசுவது எரிச்சலாக இருக்கிறது. பெட்டி கேஸை மறைக்கலாம், ரைட்டர் ஐயா சொன்ன செல்போனை மறைக்கலாம். பிணத்தை எங்கே மறைப்பது? 2022இல் கொல்கத்தாவில் 34 கொலை. டெல்லியில் 501. இதற்கும் பதிவேட்டைக் குறை சொல்வீர்களா?

புள்ளிராஜா
கொலைக் கணக்கை நானும் நம்புகிறேன், அதைப் பிறகு பார்ப்போம். முதலில் 83.9க்கு வருவோம். அதன் வகுக்கும் எண் எது தெரியுமா? 2011 மக்கள்தொகை. 2023 குற்றத்தை 2011 தலைக்கணக்கால் வகுக்கிறார்கள், ஏனென்றால் அதற்குப் பிறகு கணக்கெடுப்பே நடக்கவில்லை. பன்னிரண்டு வருடத்தில் வீங்கிய பெங்களூரும் ஹைதராபாத்தும் இதனால் உள்ளதை விட மோசமாகத் தெரியும்.

கொல்கத்தாவுக்குப் போடும் எண் 141 லட்சம். அது மாநகராட்சி இல்லை, ஹவுரா, பிதான்நகர், பாரக்பூர் எல்லாம் சேர்ந்த பெருநகரத் தொகுப்பு. அந்த மூன்றுக்கும் தனித்தனிப் போலீஸ் கமிஷனரேட் உண்டு. ஹவுராவில் திருட்டு நடந்தால் கொல்கத்தா போலீஸ் வழக்குப் பதியாது. ஆனால் ஹவுராக்காரரின் தலை மட்டும் கொல்கத்தா கணக்கில் இருக்கிறது. கொல்கத்தா மாநகராட்சியின் 2011 மக்கள்தொகை 45 லட்சம். 83.9-ஐ 141 லட்சத்துக்குப் பெருக்கி 45 லட்சத்தால் வகுத்தால் 263 அருகில் வரும். அப்போது ஹைதராபாத்தும் புனேயும் எட்டிப் பிடிக்கிற தூரத்தில் வந்துவிடும்.

நம்மூரிலும் இதே கூத்து. சென்னைக்குப் போடுவது 87 லட்சம். 2022 ஜனவரியில் தாம்பரமும் ஆவடியும் தனிக் கமிஷனரேட் ஆகிவிட்டன. வழக்குகள் பிரிந்து போயின, 87 லட்சம் அப்படியே நிற்கிறது. பாலா சார் வசிக்கும் பல்லாவரம் தாம்பரம் கமிஷனரேட்டில்தான் வருகிறது. உங்கள் தெருவில் செயின் பறித்தால் அது சென்னையின் பெயரைக் கெடுக்காது, கவலை வேண்டாம்.

மிசூரி முருகன்
நான் இருப்பது அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் பக்கம். கொல்கத்தா கதையைத் தலைகீழாகப் போட்டால் எங்கள் ஊர். செயின்ட் லூயிஸ் நகரம் 1876இல் மாவட்டத்தில் இருந்து தனியே பிரிந்தது. இன்று நகர எல்லைக்குள் 3 லட்சம் பேர்கூட இல்லை, சுற்றுவட்டாரம் சேர்த்தால் 28 லட்சம். பணக்காரப் புறநகர்கள் கோட்டுக்கு வெளியே, பழைய ஏழைப் பகுதிகள் உள்ளே. அதனால் ‘அமெரிக்காவின் ஆபத்தான நகரம்’ என்ற பட்டியல் எதை எடுத்தாலும் எங்கள் பெயர் மேலேதான் இருக்கும். இப்படி வரிசைப்படுத்தாதீர்கள் என்று எஃப்.பி.ஐ.யே எச்சரிக்கிறது. அமெரிக்கக் குற்றவியல் அறிஞர் சங்கமும் 2007இல் இந்தப் பட்டியல்களைக் கண்டித்தது.

அதற்காக இங்கே ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். நகரின் வடபகுதியில் துப்பாக்கிச் சாவு நிஜம். எல்லைக்கோட்டைக் காரணம் காட்டி அதை மறந்துவிட எங்கள் ஊர் வியாபாரிகளுக்கு ஆசை உண்டு.

ஹவுரா பாலம்
நன்றி முருகன் அண்ணே. புள்ளிராஜா, நீங்களே சொன்ன 45 லட்சத்தை எடுத்துக்கொள்கிறேன். 34 கொலையை அதால் வகுத்தால் லட்சத்துக்கு 0.75. அந்த ஆண்டு நாட்டின் சராசரி 2.1. டெல்லியின் 163 லட்சத்துக்கு 501 என்றால் மூன்றைத் தாண்டும். வகுக்கும் எண்ணைத் திருத்திய பிறகும் எங்கள் ஊர் நல்ல இடத்தில்தான் நிற்கிறது. பட்டியல் தப்பு என்று நிரூபித்துவிட்டு, ஊரும் தப்பு என்று நைசாக முடித்துவிடப் பார்க்கிறீர்கள்.

புள்ளிராஜா
கொலையில் கொல்கத்தா குறைவு, அதில் சண்டையே இல்லை. என் சண்டை 83.9 உடன் மட்டும். 2019 அறிக்கைக்கு மேற்கு வங்கத்தின் விவரம் உரிய நேரத்தில் வராததால் 2018 எண்களையே திருப்பிப் போட்டார்கள். அந்த ஆண்டும் ‘எந்த நகரம் மேலே’ என்று பட்டிமன்றம் நடந்தது.

மின்சார ரயில்
இவ்வளவு நேரமாக ஆண்கள் மட்டும் வகுத்துக்கொண்டிருக்கிறீர்கள். 2012 டிசம்பரில் டெல்லி பேருந்துக் கொடுமை. டெல்லியில் 2012இல் பதிவான பாலியல் வன்கொடுமை வழக்குகள் 706, அடுத்த ஆண்டு 1,636. ஒரே வருடத்தில் ஆண்கள் இரண்டு மடங்கு மோசமாகிவிட்டார்களா? இல்லை. அதுவரை வாய் திறக்காத பெண்கள் ஸ்டேஷனுக்குப் போனார்கள், ஸ்டேஷனும் திருப்பி அனுப்பப் பயந்தது. பட்டியலில் டெல்லி கீழே விழுந்தது அப்படி. நான் அதை டெல்லிக்கு நடந்த நல்லது என்பேன். 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பணியில் இருந்த பெண் மருத்துவருக்கு நடந்த பாலியல் வன்கொடுமையும் கொலையும், ‘பாதுகாப்பான நகரம்’ என்ற பட்டத்தோடு இருந்த ஊரில்தான்.

அதே சமயம் புள்ளிராஜாவுக்கும் ஒன்று. ‘எல்லாம் பதிவுதான்’ என்ற வாதத்தை ரொம்ப நீட்டினால் அது டெல்லிக்கு வெள்ளையடிக்கும் வேலையாகிவிடும். பதிவு அதிகம் என்பதால் அங்கே பயம் பொய் ஆகிவிடாது.

ஹவுரா பாலம்
ஆர்.ஜி. கர் எங்கள் எல்லோரையும் உலுக்கியது, இரவெல்லாம் தெருவில் நின்ற கூட்டத்தில் நானும் இருந்தேன். ஆனால் ஒரு கொடூரத்தை வைத்து ஒரு கோடிப் பேர் ஊரை எடைபோடுவதும் பட்டியல் போடுவது மாதிரியான வேலைதான் மேடம்.

மின்சார ரயில்
நான் எடைபோடவில்லை. அந்தப் பட்டம் அவருக்கு எந்த விதத்தில் உதவியது என்று கேட்கிறேன். இரவு ஒன்பதரைக்கு மேல் பெண்கள் பெட்டியில் போலீஸ் இருக்கிறாரா, பக்கத்து ஸ்டேஷனில் புகாரை வாங்குவார்களா, இந்த இரண்டும் தெரிந்தால் எனக்குப் போதும். இரண்டுமே 19 நகரப் பட்டியலில் இல்லை.

பல்லாவரம் பாலா
சரி, எல்லோரும் சேர்ந்து பட்டியலைக் கிழித்துவிட்டீர்கள். அப்புறம் பொதுஜனம் எதை வைத்துப் போலீஸைக் கேள்வி கேட்பது? வரிசை இருப்பதால்தான் நாளிதழில் செய்தி வருகிறது, சட்டமன்றத்தில் பேச்சு வருகிறது. வரிசையை எடுத்துவிட்டால் அடுத்த நாளே ‘எல்லாம் நலம்’ என்று அறிக்கை விடுவார்கள். கோணலான அளவுகோல்கூட இல்லாமல் இருப்பதற்கு இது மேல். இதில் நான் மாறப்போவதில்லை.

மிசூரி முருகன்
இங்கே 1973 முதல் வீடு வீடாகப் போய் ‘உங்களுக்குக் குற்றம் நேர்ந்ததா, போலீஸிடம் சொன்னீர்களா’ என்று ஆண்டுதோறும் கணக்கெடுக்கிறார்கள். போலீஸ் பதிவேட்டுக்கு வெளியே ஒரு கணக்கு. இந்தியாவில் அப்படி ஆண்டுதோறும் நடப்பது இல்லையே?

புள்ளிராஜா
அரசு தரப்பில் இல்லை. 2017இல் ஐ.டி.எஃப்.சி. நிறுவனத்தின் ஆய்வாளர்கள் டெல்லி, மும்பை, சென்னை, பெங்களூர் நான்கிலும் இப்படி ஒரு கணக்கெடுப்பு செய்தார்கள். திருட்டுக் கொடுத்தவர்களில் பத்தில் ஒருவர்கூட எஃப்.ஐ.ஆர். வரை போகவில்லை. அது ஒரு தடவை நடந்தது, அவ்வளவுதான். பாலா சார், சட்டமன்றத்தில் கேள்வி கேட்பதானால் அந்தக் கணக்கெடுப்பை ஏன் அரசே நடத்தவில்லை என்று கேட்கச் சொல்லுங்கள்.

முன்னாள் ரைட்டர்
பாலா தம்பிக்கு ஒரு வழி. ஊரோடு ஊரை ஒப்பிட வேண்டுமென்றால் கொலையையும் வாகனத் திருட்டையும் எடுங்கள். கொலையை மறைப்பது கஷ்டம். வண்டி காணாமல் போனால் இன்சூரன்ஸுக்கு எஃப்.ஐ.ஆர். வேண்டும், அதனால் ஆள் விடமாட்டார், எழுதி வாங்கிக்கொண்டுதான் போவார். மற்றதை எல்லாம் ஒரே ஊரின் முந்தைய வருடங்களோடு மட்டும் வைத்துப் பாருங்கள், அதுவும் எல்லை மாறாமல் இருந்தால்.

டெல்லியில் வண்டித் திருட்டுக்கு 2015லேயே ஆன்லைன் எஃப்.ஐ.ஆர். வந்துவிட்டது, அதனால் அங்கே எண் ஏறியதும் உண்டு. 2024 ஜூலையில் இருந்து புதுச் சட்டப்படி நாடு முழுக்கவே புகாரை மின்னணு வழியில் அனுப்பலாம். ஒழுங்காக நடந்தால் இனி வரும் அறிக்கைகளில் எல்லா ஊரும் மோசமாகத் தெரியும்.

பல்லாவரம் பாலா
எண் ஏறினால் தன் பெயர் கெடும் என்று தெரிந்தும் எந்தக் கமிஷனர் ஐயா அதை ஒழுங்காக நடக்க விடுவார்? அதைச் சொல்லுங்கள்.

முன்னாள் ரைட்டர்
அதற்கும் ஓட்டை இருக்கிறது தம்பி. மின்னணு வழியில் அனுப்பினாலும் மூன்று நாளுக்குள் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் அது எஃப்.ஐ.ஆர். ஆகும். கையெழுத்துப் போட வருகிறவரை உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, ‘கோர்ட்டு கேஸென்று அலையணுமா சார், சி.எஸ்.ஆர். போதாதா’ என்று கேட்க ஸ்டேஷனில் ஆள் இல்லாமலா போய்விடுவார்கள்?