தேதி கிழிந்த மரண அறிவிப்பிலிருந்து குடும்ப வரலாற்றைத் தேடத் தொடங்குவது எப்படி?

கிளைதேடி (கேள்வி)

வணக்கம். என் தாய்வழிப் பாட்டியின் தந்தையைப் பற்றி எங்களிடம் எஞ்சியுள்ள ஒரே எழுத்துச் சான்று, பழைய பஞ்சாங்கம் ஒன்றினுள் மடித்து வைக்கப்பட்டிருந்த பத்திரிகை நறுக்குதான். அது அவருடைய மரண அறிவிப்பு. பத்திரிகையின் பெயரோ வெளியான நாளோ அதில் இல்லை. மேல் விளிம்பு கிழிந்துவிட்டதால் ஆண்டின் பெயரில் “…தாரி வருஷம்” என்ற கடைசிப் பகுதி மட்டும் தெரிகிறது. அதை அடுத்து “பங்குனி மீ 14 உ ஞாயிற்றுக்கிழமை இரவு 9 மணிக்குச் சிவபதமடைந்தார்” (மீ என்பது மாதம், உ என்பது தேதி) என்றும், மனைவியையும் இரு ஆண் மக்களையும் நான்கு பெண் மக்களையும் மலாயாவிலுள்ள தம்பியையும் விட்டுப் பிரிந்தார் என்றும் அச்சாகியிருக்கிறது.

அவர் 1935 வாக்கில் இறந்தார் என்பது வீட்டில் வழிவழியாகச் சொல்லப்படும் கணக்கு. பாட்டியோடு பிறந்த பெண்கள் இருவர் என்றுதான் நாங்கள் கேட்டு வளர்ந்தோம். அப்படியானால் நான்காவது மகள் யார் என்பது எங்களில் யாருக்கும் தெரியவில்லை. அறிவிப்பு எந்த ஆண்டுக்கு உரியது, எந்த நாட்டுப் பத்திரிகையில் வந்திருக்கும், இதை வைத்துக்கொண்டு அடுத்து எங்கே போக வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

பழந்தாள்

ஆண்டைப் பொறுத்தவரை உங்கள் நறுக்கு நீங்கள் நினைப்பதைவிடத் தெளிவாகப் பேசுகிறது. அறுபது ஆண்டுகளின் வரிசையில் “தாரி” என்று முடியும் பெயர் சர்வதாரி ஒன்றுதான். சர்வதாரி 1948 ஏப்ரல் நடுவில் பிறந்து 1949 ஏப்ரல் நடுவில் முடிந்தது. பலர் இந்த இடத்தில் அவசரப்பட்டு 1948 என்று எழுதிவிடுவார்கள். தையும் மாசியும் பங்குனியும் அடுத்த ஆங்கில ஆண்டில் விழுவதால், இந்தப் பங்குனி 14 என்பது 1949 மார்ச் 27 ஆகிறது. பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் மாதப் பிறப்பு ஒரு நாள் முன்பின் ஆகக்கூடும் என்பதால் கிழமையையும் ஒத்துப் பார்ப்பது என் வழக்கம்: 1949 மார்ச் 27 ஞாயிற்றுக்கிழமையேதான். அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய சர்வதாரியில், அதாவது 1889இல், அதே பங்குனி 14 திங்களிலோ செவ்வாயிலோதான் வந்திருக்கும். ஆகவே 1949 என்று துணிந்து எழுதிக்கொள்ளலாம். 1935 என்ற வீட்டுக் கணக்கு தள்ளிப்போகிறது.

அடுத்து, நறுக்கைத் திருப்பிப் பாருங்கள். மரண அறிவிப்பைக் கத்தரித்து வைத்தவருக்கு அதன் பின்புறம் குப்பை. தேடுபவருக்கோ அதுதான் முகவரி. பாதி விளம்பரமோ, செய்தியின் நாலைந்து வரிகளோ, பொருளின் விலையோ எது தெரிந்தாலும் எழுத்துக்கு எழுத்து இங்கே எழுதுங்கள்.

கரைநூல்

பழந்தாள் அவர்களின் கணக்கை ஏற்கிறேன். நான்காவது மகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனெனில் தேடலில் பயன் மிகுந்த பகுதி அதுதான்.

மரண அறிவிப்பு இறந்தவரைப் பற்றிய ஆவணம் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது, அச்சான அன்று உயிரோடு இருந்தவர்களைப் பற்றிய ஆவணம். இறந்தவரின் வயதும் பிறந்த ஊரும் துக்க வீட்டில் யாரோ ஒருவர் நினைவிலிருந்து சொன்னவை, ஆகவே பிசகலாம். ஆனால் எத்தனை மக்கள், யார் எந்த நாட்டில், யாருக்கு மணமாகியிருந்தது என்பவை அறிவிப்புக் கொடுத்தவர்கள் தம்மைப் பற்றியே சொன்னவை. அவற்றில் பிழை வருவது குறைவு. எனவே நான்கு பெண்கள் என்பதை எடுத்த எடுப்பில் தள்ளிவிடாதீர்கள்.

இனி அந்த முப்பாட்டனாரை விட்டுவிட்டு, அவருக்குப் பின் இறந்தவர்களின் அறிவிப்புகளைத் தேடுங்கள்: அவருடைய மனைவி, இரு மகன்கள், மலாயாவிலிருந்த தம்பி. ஒவ்வோர் அறிவிப்பிலும் பெயர்களுக்கு முன்னால் “காலஞ்சென்ற” என்ற சொல் இருக்கிறதா என்பதைக் குறித்துக்கொண்டு, அறிவிப்புகளைக் கால வரிசையில் அடுக்குங்கள். எடுத்துக்காட்டாக, தாயின் அறிவிப்பு 1956இல் வந்து அதில் நான்கு மகள்களும் உயிரோடிருக்க, 1963இல் வந்த அண்ணனின் அறிவிப்பில் ஒரு தங்கையின் பெயர் “காலஞ்சென்ற” என்று தொடங்கினால், அந்தப் பெண்ணின் மறைவு அந்த ஏழு ஆண்டுகளுக்குள் அடங்கிவிடுகிறது. பெயர் தெரிந்தால் கணவர் பெயரும், கணவர் பெயர் தெரிந்தால் புகுந்த வீடும் பெரும்பாலும் அதே வரியில் கிடைத்துவிடும்.

முதலாம் ஆண்டு நினைவஞ்சலியையும் தேடுங்கள். மரண அறிவிப்பு அவசரத்தில் தந்தது. நினைவஞ்சலியோ நிதானமாக எழுதியது. படமும், ‘தோற்றம்’, ‘மறைவு’ என்று இரு தேதிகளும், பேரப் பிள்ளைகளின் பெயர்களும் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். இவருக்கு அது விரோதி வருஷம் பங்குனியில், அதாவது 1950 மார்ச் வாக்கில் வந்திருக்க வேண்டும். திதி பார்த்து நினைவு நாள் கொள்ளும் குடும்பமாக இருந்தால் மூன்று வாரம் வரை முன்பின் தேடுங்கள்.

அடிக்குறிப்பு

கரைநூல் சொல்லும் முறை நல்ல முறைதான். ஆனால் அதை மறுபக்கமாகத் திருப்பிப் பயன்படுத்தக் கூடாது. பட்டியலில் இருக்கும் பெயர் சான்றாகும், இல்லாத பெயர் எதற்கும் சான்றாகாது. வரிக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கும் இடத்தில் பெயர்கள் சுருங்கும். மனத்தாங்கலால் ஒரு மகன் விடுபடுவார். முதல் மனைவியின் பிள்ளைகள் சேர்க்கப்படலாம், சேர்க்கப்படாமலும் போகலாம். உங்கள் நான்காவது மகள் முதல் தாரத்துப் பெண்ணாகவும் இருக்கலாம், 1949க்குப் பிறகு இளம்வயதில் இறந்த தங்கையாகவும் இருக்கலாம், உடன் வளர்ந்த அண்ணன் மகளாகவும் இருக்கலாம். இன்னொரு தாள் கிடைக்கும்வரை மூன்றையும் பென்சிலால் எழுதிவைப்பதே முறை.

‘நேற்று’, ‘முந்தாநாள்’ போன்ற சொற்களிலும் எச்சரிக்கை தேவை. அவை எழுதிக் கொடுத்த நாளைக் குறிப்பவை. வார இதழில் அச்சேறும்போது அந்த ‘நேற்று’க்கு ஒரு வாரம் ஆகியிருக்கும். உங்கள் நறுக்கில் முழுத் தேதி இருப்பது பெரும் வசதி.

எந்த அறிவிப்பையும் பதிவேட்டோடு ஒத்துப் பார்க்க வேண்டும் என்பது பொது விதி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1837 ஜூலை முதல் அரசுப் பதிவு இருப்பதால் அங்கே இது எளிது. இந்தியாவில் பிறப்பு, இறப்புப் பதிவு நாடு முழுவதற்கும் ஒரே சட்டத்தின் கீழ்க் கட்டாயமானது 1969ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான். அதற்கு முந்தைய பதிவுகள் நகராட்சிகளில் ஓரளவு கிடைக்கும், மற்ற இடங்களில் சீராக இராது. அப்படிப் பதிவு சீராக இல்லாத இடத்தில் அவர் இறந்திருந்தால் உங்கள் நறுக்கின் மதிப்பு இன்னும் கூடுகிறது. சொத்து இருந்த குடும்பமானால், வாரிசுரிமை தொடர்பாகப் பத்திரிகையில் வந்த பொது அறிவிப்புகளையும் பாருங்கள். அவற்றில் மகள்களின் பெயர்களும் வரக்கூடும், ஆனால் பட்டியல் முழுமையாக இருக்கும் என்று நம்பிவிட முடியாது.

கிளைதேடி

மூவருக்கும் நன்றி. பின்புறத்தில் ஒரு புத்தகக் கடை விளம்பரத்தின் வலப்பாதி இருக்கிறது: “…லை ரூ. 2-8-0” என்றும், அதன் கீழ் “தபால் செலவு 6 அணா” என்றும் தெரிகிறது. ‘லை’ இன்றைய வடிவில் இல்லாமல் தலைமேல் சுழி வைத்த பழைய எழுத்தாக இருக்கிறது.

பழந்தாள்

அணாக் கணக்கு வழியைக் காட்டிவிட்டது. 1949இல் இலங்கை ரூபாய்க்கு நூறு சதம். மலாயாவில் டாலரும் காசும் வழங்கின. அணா இந்தியக் கணக்கு, 1957இல் நயா பைசா வரும்வரை இருந்தது. இந்தியக் கடைகள் வெளிநாட்டுத் தமிழ்ப் பத்திரிகைகளிலும் விளம்பரம் கொடுத்ததுண்டு, ஆகவே முடிந்த முடிவாகச் சொல்லவில்லை. ஆனாலும் முதலில் இந்தியப் பத்திரிகைகளைத்தான் பார்ப்பேன். சுதேசமித்திரன், தினமணி, தினத்தந்தி ஆகிய நாளிதழ்கள் அப்போது வந்துகொண்டிருந்தன. சென்னையில் கன்னிமாரா பொது நூலகத்திலும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் பழைய தமிழ் இதழ்கள் உள்ளன. நேரில் போகும் முன் 1949 மார்ச் கடைசி வாரமும் ஏப்ரல் முதல் பாதியும் எந்தப் பத்திரிகையில் இருக்கின்றன என்று எழுதிக் கேளுங்கள். மலாயாத் தம்பி அங்கேயும் ஓர் அறிவிப்புக் கொடுத்திருக்கலாம். 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்கள் சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் எண்ணிம வடிவில் உள்ளன. குடும்பத்தில் இலங்கைத் தொடர்பு இருந்தால் ‘நூலகம்’ என்ற பெயருள்ள இணையத்தளத்தில் உள்ள பழைய பத்திரிகைகளையும் நினைவு மலர்களையும் விட்டுவிடாதீர்கள்.

அந்தப் பழைய ‘லை’ இயல்பானதே. தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தது 1978இல்தான். ஆனால் இணையத்தில் தேடும்போது அது தொல்லை தரும். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள் பழைய லை, ளை, னை, ணை, றா, னா போன்ற வடிவங்களைத் தாறுமாறாகப் படிக்கும்; பெயர் வரி முடிவில் உடைந்திருந்தால் இரண்டு துண்டாகிவிடும். அதனால் முழுப் பெயரைக் கொடுக்காமல், அந்த எழுத்துகள் இல்லாத ஒரு துண்டையோ, “சிவபதமடைந்தார்” என்ற சொல்லையோ, ஊர்ப் பெயரையோ கொடுத்துத் தேடுங்கள். அப்போதும் கிடைக்காவிட்டால் அந்த மூன்று வாரத்துத் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டுவதுதான் வழி. தேதி இவ்வளவு குறுகிய பிறகு அது பெரிய வேலை அல்ல.

போகும்போது நறுக்கின் இருபுறப் படங்களையும், அளவுகோல் வைத்து எடுத்த பத்தி அகலத்தையும் கொண்டுபோங்கள். மைக்ரோஃபிலிமில் பக்கம் சுருங்கித் தெரியும் என்பதால், அங்கே அகலத்துக்குப் பதிலாகப் பத்தியில் வரிக்கு எத்தனை எழுத்து வருகிறது என்று எண்ணி ஒப்பிடுங்கள். பத்தியமைப்பு பொருந்தாத பத்திரிகையைத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிடலாம். பொருந்தும் பத்திரிகையில் மரண அறிவிப்பைத் தேடுவதைவிட, பெரிய எழுத்தில் இருக்கும் அந்தப் புத்தகக் கடை விளம்பரத்தைத் தேடுவது விரைவாக முடியும்.