100 நாள் வேலை: எஃப்டிஓ (கூலியை வங்கிக் கணக்குக்கு அனுப்பும் நிதி மாற்று உத்தரவு) போயும் கூலி வரவில்லை, தாமத இழப்பீடு எப்படி வாங்குவது?

விழுப்புரம் மாவட்டம், ஓர் ஊராட்சி. 2024 டிசம்பரில் வரப்பு, குளம் வேலை செய்த 22 பேருக்கு 2025 பிப்ரவரி முடிந்தும் கூலி ஏறவில்லை. பெரும்பாலும் நிலமில்லாத பெண்கள்.

ஜாப் கார்டு எண் போட்டு இணையதளத்தில் பார்த்தாச்சு: மஸ்டர் ரோல் (வருகைப் பதிவேடு) மூடி எட்டு நாளுக்குள் எஃப்டிஓ உருவாகி, அதில் அதிகாரிகளின் இரண்டு கையெழுத்தும் ஆகியிருக்கிறது. ரிஜெக்ட் எதுவும் இல்லை. வங்கியில் ஆதார் இணைப்பும் சரி. ஆக, கோளாறு கணக்கில் இல்லை. ஒன்றிய அலுவலகத்திலும் திங்கள் மனுவுக்கும் ஒரே பதில், "மத்திய நிதி வரல." (2020-21ல் ஒரு லட்சம் கோடிக்கு மேல் செலவான திட்டம், 2024-25 ஒதுக்கீடு 86,000 கோடி. பழைய பாக்கியும் அதிலேதான் கழியும், பிறகு எங்கே மிஞ்சும்?)

மஸ்டர் ரோல் மூடி 15 நாள் தாண்டினால் 16ஆம் நாளிலிருந்து பாக்கிக் கூலியில் தினம் 0.05% இழப்பீடு என்பது 2005 வேலை உறுதிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை. ஆனால் கணினி எஃப்டிஓ வரையிலான தாமதத்தை மட்டும் கணக்கிடுவதால் இழப்பீடு பூஜ்யம் என்றே காட்டுகிறது.

எஃப்டிஓவுக்குப் பிந்தைய தாமதத்துக்கு மாவட்டக் குறைதீர்ப்பாளரிடம் உத்தரவு வாங்கியவர்கள் யாராவது உண்டா? மனுவில் எந்த ஆவணங்களை இணைத்தீர்கள்?