எக்செல்ல 1/2 அடிச்சா தேதியா மாறுது, பின்னம் எப்படி நடத்துறது?

நாலாப்பு_மிஸ்:
வணக்கம், நாலாம் வகுப்புக்கு பின்னம் கூட்டல் நடத்துறேன், கிளாஸுக்கு ஒரே ஒரு லேப்டாப்பும் புரொஜக்டரும்தான், பசங்களையே கூப்பிட்டு கட்டத்துல 1/2 அடிக்க சொன்னா என்டர் தட்டினதும் தேதியாயிடுது. "மிஸ், அரைன்னா பிப்ரவரியா?"ன்னு ஒருத்தன் கேக்க ஒரே சிரிப்பு. நம்பர்னு மாத்தினா நாப்பத்தஞ்சாயிரத்துக்கு மேல என்னமோ எண் வந்து நிக்குது. இதை சரி பண்ண முடியுமா இல்ல வேற ஆப்புக்கு போயிடவா?

கட்டம்_கட்டுறவன்:
அது நாள் கணக்கு மேம், 1900 ஜனவரி 1ஐ 1ன்னு வச்சு எண்ணிக்கிட்டே வர்றது. தேதியானதுக்கப்புறம் ஃபார்மட் மாத்தி பிரயோஜனமில்ல, அழிச்சிட்டு முன்னாடி ஒரு பூஜ்யம், ஒரு ஸ்பேஸ் விட்டு 0 1/2ன்னு அடிங்க. பசங்க பூஜ்யத்தை மறப்பாங்கன்னா, அடிக்கறதுக்கு முன்னாடியே அந்த கட்டங்களை செலக்ட் பண்ணி ஃபார்மட் செல்ஸ்ல ஃப்ராக்‌ஷன் வச்சிடுங்க. டெக்ஸ்ட் மட்டும் வேணாம், பாக்க நல்லாத்தான் இருக்கும் ஆனா சம் ஃபார்முலா அதை கண்டுக்கவே கண்டுக்காது.

நாலாப்பு_மிஸ்:
ஆஹா வந்துடுச்சு! ஆனா 1/3ஐயும் 1/4ஐயும் கூட்டினா 7/12 வராம கீழ ஒத்தை இலக்கத்தோட வேற பின்னம் காட்டுது, பசங்க அதை நோட்ல எழுதிட்டா வம்பு. அப்புறம் 2/4 அடிச்சா தானா 1/2 ஆக்கிடுது, நான் சமான பின்னம் வேற சொல்லித்தரணுமே.

கட்டம்_கட்டுறவன்:
ஃப்ராக்‌ஷன் லிஸ்ட்ல ரெண்டு இலக்கம் வரைக்கும்னு இருக்கறதை எடுங்க, 7/12 வந்துடும். அதே லிஸ்ட்ல நாலின் கீழ, எட்டின் கீழ காட்டுறதுக்கும் தனித்தனியா இருக்கு. மூணு கட்டத்துல 0.5ஐயே போட்டு ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஃபார்மட் வைங்க, 1/2, 2/4, 4/8ன்னு நிக்கும். இந்த தொல்லைதான் உங்களுக்கு பாடமே.

ரிட்டயர்டு_வாத்தியார்:
குறுக்க பேசுறதுக்கு மன்னிக்கணும். விடையை மெஷினே சொல்லிட்டா, மேலயும் கீழயும் கூட்டி 2/7ன்னு எழுதுற புள்ளைக்கு அது ஏன் தப்புன்னு எப்படிம்மா புரியும்? 2/7 மூணில் ஒரு பங்கை விடவே சின்னது, கூட்டினா குறையுமான்னு கேளுங்க முதல்ல. அப்புறம் ஃபார்முலாவை தள்ளி வச்சிட்டு ஒரே வரிசையில 12 கட்டம் எடுத்து, மூணில் ஒண்ணுக்கு 4 கட்டம் நீலம், நாலில் ஒண்ணுக்கு 3 கட்டம் மஞ்சள் நிரப்ப சொல்லுங்க. ஆனா எடுத்ததுமே 12ஐ குடுத்துடாதீங்க. 10 கட்டம் குடுங்க, சரிபாதியா பிரிப்பாங்க, மூணா பிரிக்க சொன்னா முழிப்பாங்க, அப்ப எத்தனை கட்டம் வேணும்னு அவங்களே சண்டை போட்டு 12க்கு வரட்டும்.

நாலாப்பு_மிஸ்:
சூப்பர் சார், ஆனா ஒவ்வொருத்தரா வந்து கலர் அடிக்கறதுக்குள்ள பீரியடே முடிஞ்சிடுமே?

ரிட்டயர்டு_வாத்தியார்:
கட்டம் போட்ட கணக்கு நோட்டு இருக்குல்ல, எல்லாரும் அதுல அடிக்கட்டும், ஸ்க்ரீனுக்கு ஒருத்தர் போதும். தப்பா அடிச்ச புள்ளையையே கூப்பிடாதீங்க, பயந்துடும்.

கட்டம்_கட்டுறவன்:
வாத்தியார் ஐடியாவுக்கு இன்னொண்ணு சேக்கறேன், கஸ்டம் ஃபார்மட்ல # ??/12 ன்னு போட்டா 1/3 வந்து 4/12ஆவும் 1/4 வந்து 3/12ஆவும் தெரியும், கலர் வரிசைக்கு கீழயே வச்சிடுங்க. ஆனா 1/5 போட்டு பாக்காதீங்க, பன்னெண்டுல அடங்காததால கிட்டத்துல இருக்கற 2/12ஐ காட்டிடும்.