ஹைடாடிட் சிஸ்ட் - "நீர்க்கட்டி" வேணாம், "நாய்ப்புழுக்கட்டி" போடலாம்

அண்ணா, வணக்கம்.

நம்ம மருத்துவத் தமிழ்ச்சொல் பட்டியல்ல ஹைடாடிட் சிஸ்டுக்கு, அதாவது நாயோட நாடாப்புழு முட்டையால மனுஷன் உடம்புக்குள்ள வர்ற கட்டிக்கு, "நீர்க்கட்டி"ன்னு போட்டிருக்கீங்க. எங்க வியாசர்பாடி பக்கம் யாரைக் கேட்டாலும் நீர்க்கட்டின்னா சினைப்பையில வர்றது, பீரியட்ஸ் தள்ளிப்போறது, ஸ்கேன் எடுக்கறது, அவ்ளோதான். நாளைக்கு ஒருத்தர் ரிப்போர்ட்ல "ஈரலில் நீர்க்கட்டி"ன்னு பாத்தா புழுங்கற நெனப்பே அவருக்கு வராது.

இந்த இழையில ஒரு அக்கா அதுக்குப் பதிலா சொன்ன "ஆட்டீரல் கட்டி"யும் வேணாம்னுதான் சொல்லுவேன். ஆட்டு ஈரல் சாப்பிட்டு இந்த நோய் வர்றதில்ல. புளியந்தோப்பு ஆடுதொட்டிய (ஆடு அறுக்கற இடம்) நம்பி எவ்ளோ குடும்பம் பொழைக்குது, இல்லாத பழிய அவங்க தலையில ஏன் கட்டணும்?

நடக்கறது வேற. ஈரலை நறுக்கும்போது சில சமயம் வெள்ளையா, தொட்டா தளதளன்னு தண்ணி கோத்த பை ஒண்ணு தட்டுப்படும், அதை அறுத்து ஓரமா வீசுவாங்க, கடை வாசல்லயே காத்துக்கெடக்கற நாய் ஒரே வாயில முழுங்கிடும். அந்தப் பைக்குள்ள எக்கினோகாக்கஸ்ங்கற நாடாப்புழுவோட இளம் தலைங்க இருக்கு, நாய் குடல்ல போய் ஒட்டிக்கிட்டு சில மில்லிமீட்டர் நீளத்துக்கு வளந்து முட்டை போடும். முட்டை நாய் மலத்தோட வெளிய வந்து மண்ணு, கீரை, நாயோட முடின்னு எல்லாத்துலயும் ஒட்டிக்கும். நாயைக் கொஞ்சிட்டு கை கழுவாம சாப்பிடற புள்ளைங்க வயித்துக்குள்ள போச்சுன்னா அங்கேருந்து ரத்தத்துல கலந்து பெரும்பாலும் ஈரல்ல, அடுத்தபடியா நுரையீரல்ல கட்டியா நிக்குது. வருஷக்கணக்குல வலியே இல்லாம பெருசாகும், உள்ளயே உடைஞ்சா கடுமையான அலர்ஜி வந்து உயிருக்கே ஆபத்து. ஆட்டுக்கும் புல்லோட அதே முட்டை உள்ள போய்தான் கட்டி வருது.

அதனால முதல்ல வெறும் "புழுக்கட்டி"ன்னு வெக்கலாம்னு நெனச்சேன், ஆனா இங்க ஒரு தம்பி கேட்டது நியாயம், பன்றி நாடாப்புழுவால மூளையில வர்றதும் புழுக்கட்டிதானே. ரெண்டும் ஒண்ணாயிடக்கூடாது. அதுலயும் பன்னிக்கறி சாப்பிட்டாதான் மூளையில கட்டி வரும்னு ஒரு தப்பான எண்ணம் ஊருல சுத்துது. உண்மையில வேகாத பன்னிக்கறியால குடல்ல நாடாப்புழு வரும், மூளைக்குப் போறதோ அந்தப் புழு உள்ள மனுஷனோட மலத்துல வர்ற முட்டை தண்ணியிலயும் சாப்பாட்டுலயும் கலந்து உள்ள போறதால. கறியே தொடாதவங்களுக்கும் இதனால வலிப்பு வருது. அதுக்குத் தனிச்சொல் வேணும், தனி இழையில பேசுவோம்.

இதுக்கு "நாய்ப்புழுக்கட்டி". முழுப்பெயர் வேணும்னா "நாய் நாடாப்புழுக் கட்டி". நாய் மேல இன்னும் வெறுப்பு வரும்னு ஒருத்தர் எழுதியிருந்தார், அந்தக் கவலை எனக்கும் உண்டு, எங்க தெருவுல நாலு நாய்க்கு நாங்கதான் சோறு வெக்கறோம். ஆனா பேர்லயே நாய் இருந்தாதான் அதுக்கு பிராசிகுவான்டல்ங்கற புழு மாத்திரை குடுக்கணும்னு வளக்கறவங்களுக்குத் தோணும். வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஊசி போட கூட்டிட்டுப் போறவங்க பல பேரு புழு மாத்திரைய விட்டுடறாங்க.

விலங்குகிட்டேருந்து பரவறதுக்கெல்லாம் பொதுப்பேரா "விலங்குவழி நோய்" இருக்கே, அது நல்லாவே இருக்கு, அப்படியே விடுங்க. நாய்ப்புழுக்கட்டிக்கு விளக்கம் எழுதும்போது மட்டும் இந்த வரிய சேத்துடுங்கண்ணா: "கட்டி உள்ள ஈரல், நுரையீரலை நாய்க்குப் போடக்கூடாது, ஆழமாப் புதைக்கணும் இல்லன்னா எரிக்கணும்."