சிறு ஜெட்டில் கேபின் அழுத்தம் குறைந்தால்: முதலில் முகமூடியா, இறக்கமா?

கேள்வி (பயிற்சி விமானி):
வணக்கம். சிமுலேட்டரில் 39,000 அடியில் கேபின் உயர எச்சரிக்கை (கேபினுக்குள் காற்றழுத்தம் குறைந்துவிட்டது என்பதற்கான ஒலி) ஒலித்ததும் என் கை நேராக த்ரஸ்ட் லீவருக்கு (எஞ்சின் விசையைக் கட்டுப்படுத்தும் நெம்புகோல்) போனது. பயிற்றுநர் உடனே பயிற்சியை நிறுத்தி, "முகமூடி எங்கே?" என்று கேட்டார். எப்படியும் முகமூடியின்றி மூச்சுவிடக்கூடிய 10,000 அடிக்கு இறங்கத்தான் வேண்டும் என்னும்போது, அதையே முதலில் தொடங்குவதில் என்ன தவறு?

மறுமொழி 1 (ஓய்வுபெற்ற விமானி):
கணக்குப் போட்டுப் பாருங்கள், தம்பி. நிமிடத்துக்கு 6,000 அடி இறங்கினாலும் அங்கே போய்ச் சேர ஏறக்குறைய ஐந்து நிமிடம் ஆகும். ஆனால் 40,000 அடியில் ஆக்சிஜன் இல்லாமல் தெளிவாகச் செயல்படக் கிடைப்பது 15 முதல் 20 விநாடிதான். காற்று ஒரேயடியாக வெளியேறினால் அதுவும் குறையும். ஆகவே முகமூடியை மாட்டி, நூறு சதவீத ஆக்சிஜனில் வைத்து, மைக்கை முகமூடிக்கு மாற்றி, துணை விமானியின் குரல் கேட்கிறதா என்று உறுதி செய்த பிறகே த்ரஸ்டைக் குறைத்து, ஸ்பாய்லரை (இறக்கை மேல் எழும் தடுப்புப் பலகை) விரித்து இறங்க வேண்டும். டிரான்ஸ்பாண்டரில் (ரேடாருக்கு விமானத்தின் குறியீட்டை அனுப்பும் கருவி) 7700 என்ற அவசரக் குறியீடு, மேடே என்ற வானொலி அபாய அழைப்பு எல்லாம் அதன் பிறகு.

மறுமொழி 2 (பராமரிப்புப் பொறியாளர்):
1999 அக்டோபர் 25 அன்று ஆர்லாண்டோவிலிருந்து டல்லாஸுக்குப் புறப்பட்ட லியர்ஜெட் 35 என்ற சிறு ஜெட் இதற்குச் சான்று. சுமார் 23,000 அடியில் விமானிகள் கட்டுப்பாட்டு அறைக்குப் பதில் சொன்னார்கள்; ஆறு நிமிடம் கழித்து அழைத்தபோது பதில் இல்லை. அருகில் சென்று பார்த்த போர் விமானிகளுக்கு உள்ளே எதுவும் தெரியாதபடி சன்னல் கண்ணாடிகள் பனி படிந்ததுபோல் மங்கியிருந்தன. ஏறக்குறைய நான்கு மணி நேரம் தானாகப் பறந்த அது, எரிபொருள் தீர்ந்து தெற்கு டகோட்டாவில் விழுந்தது. கோல்ஃப் வீரர் பெய்ன் ஸ்டூவர்ட் உட்பட ஆறு பேரும் இறந்தனர். அழுத்தம் ஏன் போனது என்பதை விசாரணையால் கண்டறிய முடியவில்லை. விமானிகளுக்கு ஆக்சிஜன் கிடைக்காததால் அவர்கள் செயலிழந்தனர் என்பதே முடிவு.

மறுமொழி 3 (விமானப் பயிற்றுநர்):
திடீர் வெடிப்பைவிட மெல்லக் கசிவதே எனக்கு அதிக அச்சம் தருவது. வலி இருக்காது, மாறாக, எல்லாம் நன்றாக நடப்பதாக ஓர் உற்சாகம் தோன்றும். எனவே எச்சரிக்கை பொய்யாக இருக்குமோ என்று ஆராய்வதுகூட முகமூடிக்குள் இருந்துகொண்டே நடக்கட்டும். இன்னொன்று: 10,000 அடி என்பது சமவெளிக்கான எண். இமயமலைக்கு மேல் அந்த எண்ணை நம்பி இறங்கினால் மலையில்தான் மோதுவீர்கள். அவ்விடத்துக்குரிய குறைந்தபட்சப் பாதுகாப்பு உயரத்தில் நின்றுவிட வேண்டும். விமான உடலில் சேதம் இருக்கலாம் என்று தோன்றினால் இறங்கும் வேகத்தைக் கூட்டாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி, ஐயா. நான் மூக்குக்கண்ணாடி அணிபவன். முகமூடியின் பட்டை அதில் சிக்குகிறது.

மறுமொழி 3:
சிவப்புப் பிடிகளை அழுத்தினால் பட்டைக்குள் காற்று நிரம்பி அது அகலமாக விரியும். நன்றாக விரிந்த பிறகு தலைக்கு மேலாகக் கொண்டுவந்து, முகத்தில் பதித்துவிட்டுப் பிடியை விடுங்கள். பாதி விரிந்த நிலையில் இழுப்பதால்தான் கண்ணாடி சிக்குகிறது. ஐந்து விநாடிக்குள், ஒரே கையால் மாட்ட வரும் வரை தரையிலேயே பழகுங்கள்.