முழங்கையால் சூடு பார்த்த தாத்தா

குளிர்காலத்தில் ஆளரவமில்லாத சாலைகளில் சைக்கிள் மிதித்தவர்கள், வழியில் எதிர்ப்பட்டவர்களைப் பற்றி ஒவ்வொருவராகச் சொல்லி வருகிறீர்கள். நாய் துரத்தியதையும், லாரிக்காரர் இறங்கி வந்து பஞ்சர் ஒட்டிக் கொடுத்ததையும் படித்தேன். எனக்குச் சொல்ல ஒரு தாத்தா இருக்கிறார். அவர் பேசிய மொழி எனக்குத் தெரியாது, பெயரும் தெரியாது.

பயணத்தின் பதினோராவது நாள், மலைப்பாதை. ஏறும்போது நன்றாக வேர்த்தது. நின்று ஜாக்கெட்டைக் கழற்றியிருக்க வேண்டும். இருட்டுவதற்குள் உச்சியைத் தாண்டிவிடும் அவசரத்தில் நிற்கவில்லை. உச்சியில் மைனஸ் 5 டிகிரி. அங்கிருந்து ஒரே இறக்கம். மைனஸ் 5 டிகிரியில் 40 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால் எதிர்க்காற்றில் தோலுக்கு அது மைனஸ் 14 டிகிரிக்குச் சமம். உள்ளே பனியன் ஈரம். கால் மிதிக்காததால் உடம்பில் சூடும் பிறக்கவில்லை.

முதலில் விரல்கள் வலித்தன. கொஞ்ச நேரத்தில் வலி நின்றது. பழகிவிட்டது என்றுதான் நினைத்தேன். பிரேக்கை விரல் பிடித்திருக்கிறதா என்று குனிந்து பார்த்துத் தெரிந்துகொள்ளும் நிலை வந்தபோதுகூட எனக்கு உறைக்கவில்லை.

ஒரு வளைவில் தனி வீடு. வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் கோடரியைப் போட்டுவிட்டு நடுச்சாலைக்கு வந்து இரண்டு கைகளையும் விரித்து நின்றார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். நான் நின்றதும் ஒன்றும் கேட்கவில்லை, என் கையுறையை உருவினார். விரல் நுனிகள் சாம்பல் பூத்து, அழுத்தினால் குழியாத மெழுகு மாதிரி இருந்தன.

உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நேராக அதை நோக்கிப் போனேன். தாத்தா என் முதுகுச் சட்டையைப் பிடித்து இழுத்து ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தார். ஒரு பேசினில் வெந்நீர் ஊற்றி, பச்சைத் தண்ணீர் கலந்து, குழந்தையைக் குளிப்பாட்டுகிறவர்கள் செய்வதுபோல முழங்கையை விட்டுச் சூடு பார்த்தார். மறுபடி கொஞ்சம் பச்சைத் தண்ணீர், மறுபடி முழங்கை. அப்புறம்தான் என் கைகளை அதற்குள் வைத்தார். நீர் ஆற ஆற வெந்நீர் சேர்த்தார். கதவிடுக்கில் நசுங்கிய விரல் மாதிரி வலி கிளம்பியது. தேய்க்கப் போனேன், என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

அவர் செய்தது எவ்வளவு சரி என்பது ஊர் திரும்பிப் படித்தபோதுதான் புரிந்தது. குளிரில் உறையத் தொடங்கிய விரலை 37 முதல் 39 டிகிரி வரையான நீரில்தான் வைக்க வேண்டும். மரத்த தோலுக்குச் சுடுவது தெரியாது என்பதால் நெருப்பில் காட்டினால் வெந்துவிடும். தேய்த்தால் உள்ளே திசு கிழியும்.

கை சரியானதும் கிளம்பத் துடித்தேன். அவர் என் சைக்கிளைத் தூக்கி வீட்டுக்குள் வைத்துவிட்டார். பிடிவாதக்காரர் என்று அப்போது பட்டது. ஒருமுறை உறைந்து தெளிந்த விரல் மறுபடி உறைந்தால் சேதம் பல மடங்காகும், சில சமயம் விரலே போய்விடும். அந்த இரவில் என்னை அனுப்பியிருந்தால் இதைத் தட்டச்சு செய்ய எனக்கு எத்தனை விரல் மிஞ்சியிருக்குமோ.

என் தண்ணீர் பாட்டில்களைப் பார்த்தார். வாயில் ஐஸ் அடைத்திருந்தது. அதை உருக்கிவிட்டுப் பாட்டிலைத் தலைகீழாக நிறுத்திக் காட்டினார். ஐஸ் மேலே மிதக்கும், அதனால் உறைவது மேல்பக்கத்தில் தொடங்கும். கவிழ்த்து வைத்தால் வாய்ப்பக்கம் திறந்தே இருக்கும். இன்றுவரை குளிரில் நான் பாட்டிலை நிமிர்த்தி மாட்டியதில்லை. என் கேஸ் அடுப்புக்கு அவரிடமும் வைத்தியம் இல்லை. அதன் சிலிண்டரில் இருந்த பூட்டேன் வாயு, குளிர் பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால் ஆவியாகாது, அடுப்பு எரியாது. அந்தச் சிலிண்டரை நம்பி வந்தது என் தப்பு.

படுத்தபோது தாமஸ் ஸ்டீவன்ஸ் ஞாபகம் வந்தது. பெரிய சக்கர சைக்கிளில் 1884 முதல் 1886 வரை உலகைச் சுற்றியவர். அவரே குளிர்காலம் வந்ததும் தெஹ்ரானில் தங்கி, வசந்தத்தில்தான் மறுபடி கிளம்பினார். ஒரு ராத்திரி நிற்க எனக்கு என்ன?

காலையில் வெயில் ஏறும்வரை அவர் கதவைத் திறக்கவில்லை. கிளம்பும்போது பழைய செய்தித்தாளை நான்காக மடித்து என் ஜாக்கெட்டுக்குள் நெஞ்சோடு செருகி, ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டார். காற்று நெஞ்சில் ஏறாமல் இருக்க அந்தக் காலத்துப் பந்தய வீரர்கள் இறக்கத்தில் செய்வது இதுதான். அவரும் ஒரு காலத்தில் சைக்கிள் ஓட்டியிருப்பாரோ என்று அப்போதுதான் தோன்றியது. கேட்க மொழி இல்லை. ஹேண்டில்பாரை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு வழிவிட்டார்.

இறக்கம் முழுக்க அந்தத் தாள் நெஞ்சில் சரசரத்துக்கொண்டே வந்தது.